ஆன்லைன் கடையில் பொருள் பக்கங்களைச் சரியாக வைப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்து வியாபாரிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஆம்பூரில் பர்ஸும் பெல்ட்டும் தைப்பவர்கள், ஆரணியில் பட்டு நெய்பவர்கள், குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்பவர்கள் எனப் பழைய வட ஆற்காடு முழுக்க இப்போது ஆன்லைனுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வருபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த சைட்ல போட்டா நல்லா ஓடும்?" என்பதைத்தான். அமேசானோ, பிளிப்கார்ட்டோ, மீஷோவோ, ஷாப்பிஃபையோ, ஊகாமர்ஸோ, எதுவானாலும் கணக்குத் தொடங்குவது சில நாள் வேலை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் செய்யவேண்டியது பொருள் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது. விற்பனை நிற்பதும் ரிட்டர்ன் குவிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கடைக்கு நேரில் வருபவர் தோலைத் தடவிப் பார்ப்பார், ஜரிகையைத் திருப்பிப் பார்ப்பார், லுங்கியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பார். சந்தேகம் வந்தால் உங்களிடமே கேட்பார். ஆன்லைனில் வருபவருக்கு இருப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான். அதனால் நான் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: வாடிக்கையாளர் போன் செய்து ஒன்றைக் கேட்டால், அது பக்கத்தில் விட்டுப்போன வரி. "அண்ணே, இதுல சில்லறை வைக்க இடம் இருக்குதா?" என்று ஒருவர் கேட்டால், கேட்காமலே வேறு கடைக்குப் போனவர்களும் இருப்பார்கள்.

படி 1: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மாஸ்டர் ஷீட்

போட்டோ எடுப்பதற்கு முன்பே, எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே, கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல் தயாராக இருக்க வேண்டும். தனியாக விற்கக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை. பிரவுன் பர்ஸ் ஒரு வரிசை, அதே பர்ஸ் கறுப்பில் இன்னொரு வரிசை.

கலங்களில் இவை வர வேண்டும்: பொருள் குறியீடான எஸ்கேயு, பெயர், மூலப்பொருள், நிறம், அளவுகள், பேக் செய்த பிறகு எடை, பெட்டியின் நீள அகல உயரம், எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), ஜிஎஸ்டி விகிதம், எம்ஆர்பி, விற்கும் விலை, அடக்க விலை, தயாரித்தவர் பெயர் முகவரி, இருப்பு, போட்டோ கோப்புகளின் பெயர், எந்தெந்தத் தளத்தில் ஏற்றியிருக்கிறது, கடைசியாகச் சரிபார்த்த தேதி. பலரும் அந்தக் கடைசிக் கலத்தை விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கம் பழசாகிவிட்டது என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

இந்த ஷீட்டை நிரப்பவேண்டியவர் கம்ப்யூட்டர் முன் இருப்பவர் இல்லை. குடோனில் டேப்பைப் பிடித்து அளந்தவர், தராசில் வைத்து எடை பார்த்தவர் எழுத வேண்டும். சப்ளையர் அட்டையில் அச்சடித்ததை அப்படியே பார்த்து எழுதினால், அவருடைய தவறும் சேர்ந்து உங்கள் பக்கத்துக்கு வந்துவிடும்.

நான்கு இடத்தில் விற்றாலும் விலையையோ அளவையோ முதலில் மாற்றவேண்டிய இடம் ஷீட்தான். அங்கிருந்துதான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு ஒரு தளத்தில் மட்டும் விலையை மாற்றிவிட்டு "அப்புறம் ஷீட்ல போட்டுக்கலாம்" என்று விட்டால், ஒரே வாரத்தில் எது சரியான விலை என்று யாருக்கும் தெரியாது.

படி 2: எஸ்கேயுவும் வேரியன்ட்டும்

எஸ்கேயு சின்னதாகவும் படித்தவுடன் புரிவதாகவும் இருக்கட்டும். பொருள் வகை, மாடல் எண், நிறம், அளவு என்ற வரிசை போதும். சுழியில் ஆரம்பிக்க வேண்டாம். எக்செல் அதைத் தின்றுவிடும். விலையை அதற்குள் நுழைக்க வேண்டாம். நிறுத்திவிட்ட மாடலின் குறியீட்டைப் புது மாடலுக்குக் கொடுக்கவே கூடாது. பழைய ரிட்டர்ன், பழைய பில் எல்லாம் குழம்பும்.

ஒரே மாடலில் நிறமும் அளவும் மட்டும் மாறினால் ஒரே பக்கத்தில் வேரியன்ட்டாக வையுங்கள். ஊகாமர்ஸில் இதை வேரியபிள் பொருள் என்பார்கள். ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் சொந்த எஸ்கேயு, சொந்த இருப்பு, சொந்தப் படம் வேண்டும். பிரவுனைத் தேர்ந்தெடுத்தும் கறுப்புப் படமே நின்றால், வாங்க வந்தவருக்கு அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

கைத்தறிப் பட்டுக்கு இந்த முறை ஒத்துவராது. ஒரு நிறச் சேர்க்கையில் ஒன்றிரண்டு புடவைதான் தறியிலிருந்து இறங்கும். முந்தி வேலைப்பாடும் மாறும். அதனால் ஒவ்வொரு புடவையையும் இருப்பு 1 என்று தனிப் பொருளாகவே ஏற்றுவது நல்லது. வேலை கூடுதல்தான். ஆனால் படத்தில் பார்த்த புடவையே வீட்டுக்குப் போகிறது. லுங்கி இதற்கு நேர்மாறு. கட்டம் லாட்டுக்கு லாட் மாறும், வாங்குபவர் பார்ப்பது நிறத்தை. நிறத்தை வேரியன்ட்டாக வைத்து, கட்டத்தின் அகலம் சற்று மாறலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

படி 3: அளவுகள்

ரிட்டர்ன் குறைய ஒரே ஒரு இடத்தில்தான் உழைக்க முடியும் என்றால் இங்கே உழையுங்கள்.

பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். "சைஸ் 36" என்று மட்டும் போட்டால் மூன்று விதமாகப் புரியும்: பேன்ட் இடுப்பு 36, பெல்ட்டின் மொத்த நீளம் 36, பக்கிளிலிருந்து நடு ஓட்டை வரை 36. பெல்ட் தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது கணக்கைத்தான் பிடிக்கிறார்கள். வாங்குபவர்களோ முதல் கணக்கில் வாங்குகிறார்கள். ஆகவே இப்படி எழுதுங்கள்: "பக்கிள் முள் மாட்டும் இடத்திலிருந்து நடு ஓட்டை வரை 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. 34 இடுப்பு பேன்ட் போடுபவர்களுக்கு இது பொருந்தும். பட்டை அகலம் 35 மி.மீ." அகலத்தை விடாதீர்கள். ஜீன்ஸுக்கு ஏற்ற 40 மி.மீ. பட்டை, ஃபார்மல் பேன்ட்டின் லூப்பில் நுழையாமல் திரும்பி வரும்.

பர்ஸுக்கு வெளி அளவு எழுதுகிறோம். உள் அளவை எழுதுவதில்லை. இப்போதைய 500 ரூபாய் நோட்டு 66 மி.மீ. உயரம், 150 மி.மீ. நீளம். 2016-க்கு முந்தைய 500 ரூபாய் நோட்டின் உயரம் 73 மி.மீ. 50 யூரோ நோட்டு 77 மி.மீ. நம் ஊரில் ஏற்றுமதிக்கு வெட்டிய பாட்டர்னிலேயே உள்நாட்டுக்கும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பர்ஸில் நம் நோட்டு உள்ளே மூழ்கி நிற்கும். அது குறையல்ல, சொல்லாமல் விடுவதுதான் குறை. "நோட்டு அறையின் உள் உயரம் 80 மி.மீ., எல்லா இந்திய நோட்டும் 50 யூரோ நோட்டும் மடங்காமல் நிற்கும்" என்று எழுதினால், அதுவே விற்கும் வரியாகிவிடுகிறது. கார்டு அறை எத்தனை, சில்லறைப் பை உண்டா, காலியாக இருக்கும்போது தடிமன் எவ்வளவு என்பதையும் சேருங்கள்.

ஷூவுக்கு இன்னொரு பிராண்டின் அளவுப் பட்டியலைக் காப்பி செய்து ஒட்டுவது பெரிய தப்பு. லாஸ்ட், அதாவது ஷூ தைக்கும் கால் அச்சு, மாறினால் பொருத்தமும் மாறும். தைத்துக் கொடுத்தவரிடம் அந்த லாஸ்ட்டுக்கான பாத நீளத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் சென்டிமீட்டரில் போடுங்கள். எண்கள் யூகே கணக்கா, ஐரோப்பியக் கணக்கா என்பதும் தெளிவாக இருக்கட்டும். தாளில் பாதத்தை வைத்துக் குதிகால் முதல் பெருவிரல் நுனி வரை எப்படி அளப்பது என்று ஒரு படம் போட்டால் இன்னும் நல்லது.

புடவைக்கு நீளம், அகலம், கிராமில் எடை, ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம். ஜரிகை அசல் வெள்ளி ஜரிகையா, செம்புக் கம்பியில் செய்த டெஸ்டட் ஜரிகையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். விலை வித்தியாசத்துக்கே காரணம் அதுதானே. லுங்கிக்கு நீளம், அகலம், மூட்டியதா மூட்டாததா, நூல் கவுண்ட், முதல் துவையலில் சாயம் போகுமா, எவ்வளவு சுருங்கும். இதற்கு ஒரு பீஸை நீங்களே துவைத்துக் காயப்போட்டு அளந்துவிட்டு எழுதுங்கள்.

படி 4: தலைப்பும் விவரமும்

"பிரீமியம் சூப்பர் குவாலிட்டி ஜென்ட்ஸ் பர்ஸ் பெஸ்ட் ஆஃபர்" என்ற தலைப்பில் பொருளைப் பற்றி ஒரே ஒரு தகவல்தான் இருக்கிறது: இது பர்ஸ். இதையே "ஆண்களுக்கான ஆட்டுத் தோல் பர்ஸ், 8 கார்டு அறை, சில்லறைப் பையுடன், பிரவுன்" என்று எழுதினால் தேடுபவருக்கும் கிடைக்கும், தேடுபொறிக்கும் புரியும். கூகுள் தேடலில் பொருளைக் காட்ட நாம் விவரம் ஏற்றும் இடமான கூகுள் மெர்ச்சன்ட் சென்டர், தலைப்புக்கு 150 எழுத்து வரை அனுமதிக்கிறது. ஆனால் போன் திரையில் முதல் 70 எழுத்துக்கு மேல் பெரும்பாலும் தெரியாது. முக்கியமானதை முன்னால் வையுங்கள்.

தோல் பொருள் விற்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. "ஜெனுயின் லெதர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா, எருமைத் தோலா, மேலே என்ன, லைனிங்கில் என்ன என்று எழுதுங்கள். நம்பிக்கை காரணமாகவோ வீட்டுப் பழக்கம் காரணமாகவோ சில தோல்களைத் தவிர்ப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். கையில் வந்த பிறகு தெரிந்து அவர்கள் மனம் வருந்தும்படி ஆகக்கூடாது. ஃபுல் கிரெயின் (மேல்பரப்பைத் தேய்த்து எடுக்காத தோல்) என்றால் அது ஃபுல் கிரெயினாகவே இருக்க வேண்டும். பியூ லெதர் தோலே இல்லை, ரெக்சின் வகை. அதை விற்பதில் தவறில்லை, பெயரை மறைத்து விற்பதுதான் தவறு.

"ஆம்பூர்", "ஆரணி" என்ற பெயர்களுக்கு மதிப்பிருக்கிறது என்பதால் வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரை ஒட்டக்கூடாது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டைப் பக்கத்தில் போட, அதற்கான பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். தூய பட்டுக்கான சில்க் மார்க் முத்திரையும் அப்படித்தான். லேபிள் ஒட்டிய புடவைக்கு மட்டுமே அந்தப் படம்.

விவரத்தின் முதல் இரண்டு வரியில் இது யாருக்கு, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். பிறகு அளவு, மூலப்பொருள், பராமரிப்பு. தோலை மழைக்காலத்தில் எப்படி வைப்பது, பூசணம் பிடித்தால் என்ன செய்வது, பட்டுப் புடவையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுவது போன்றவை உங்களுக்குச் சாதாரணம். வாங்குபவருக்கு அவை புதுத் தகவல். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சப்ளையர் கொடுத்த வாசகத்தையே பத்துக் கடைகள் போட்டிருக்கும். நீங்களும் அதையே போட்டால் கூகுளுக்கு உங்கள் பக்கத்தை முன்னால் காட்ட ஒரு காரணமும் இருக்காது.

சொந்த சைட் என்றால் தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் தனித்தனியாக வையுங்கள். பக்க முகவரியை மட்டும் இரண்டிலும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே வசதி. தமிழ் எழுத்தில் வைத்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பெரும்பாலும் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். பார்ப்பவர் தொடவே பயப்படுவார்.

படி 5: படங்கள்

அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை. பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1,000 பிக்சலாவது வேண்டும். சொந்த சைட்டுக்கும் இதையே பின்பற்றினால் ஒரே படம் எல்லா இடத்துக்கும் ஆகும்.

மற்ற படங்களில் கை தாராளமாக இருக்கட்டும். பர்ஸ் என்றால் திறந்த நிலை, பின்பக்கம், தையலின் நெருக்கம், விளிம்புப் பூச்சு, கையில் பிடித்த படம். புடவை என்றால் உடல், பார்டர், முந்தி, ரவிக்கை, நெசவின் மறுபக்கம். ஃபுல் கிரெயின் தோலில் இயற்கையான தழும்பு இருக்கும். அதையும் நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம் "டேமேஜ் வந்திருக்கு" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நிறம்தான் பெரிய சண்டை. வேலூர் உச்சிவெயிலில் எடுத்தால் அரக்கு ஆரஞ்சாகத் தெரியும். ட்யூப் லைட்டில் எடுத்தால் மாம்பழ மஞ்சள் பச்சையடிக்கும். காலையில் நேர்வெயில் படாத திண்ணையோ வடக்குப் பார்த்த ஜன்னலோ போதும். பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படம் எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்து, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் கொடுங்கள்.

கோப்பின் பெயர் எஸ்கேயுவாகவே இருக்கட்டும். வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சுருக்கி ஏற்றினால் கிராமத்து நெட்வொர்க்கிலும் திறக்கும். படத்தோடு சேர்த்து எழுதும் ஆல்ட் எழுத்தில் படத்தில் இருப்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். பார்வையற்றவர்களின் போன் அதைத்தான் படித்துக் காட்டுகிறது.

படி 6: சட்டம் கேட்பவை

முன்கூட்டியே பேக் செய்து விற்கும் பொருளுக்கு, எடையளவுச் சட்டத்தின் 2011 பேக்கேஜ் விதிகள் ஆன்லைன் பக்கத்துக்கும் பொருந்தும். தயாரிப்பவர் அல்லது பேக் செய்பவரின் பெயர் முகவரி, பொருளின் பொதுப் பெயர், நிகர அளவு, எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் தொடர்பு விவரம் ஆகியவை பக்கத்திலேயே தெரிய வேண்டும். இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். 2020 மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி ரிட்டர்ன், ரீஃபண்ட் விவரம் தெளிவாக இருக்க வேண்டும். குறைதீர்க்கும் அதிகாரியின் தொடர்பு வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. தின்பண்டம் விற்பவர்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண்ணையும் போட வேண்டும்.

"இன்னும் 2 பீஸ்தான்", "10 நிமிடத்தில் ஆஃபர் முடியும்" என்று பொய்யாக ஓடும் பட்டைகளை எடுத்துவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்கள் இந்தப் போலி அவசரத்தையும், கடைசிப் பக்கத்தில் கட்டணம் கூட்டுவதையும் தடைசெய்கின்றன. உண்மையில் இரண்டே பீஸ் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

படி 7: விலையும் கூரியரும்

செருப்பு, ஷூவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18. தள்ளுபடி கொடுக்கும்போது இந்தக் கோட்டைத் தாண்டும் மாடல்களை மட்டும் தனியாகக் குறித்துவைத்து ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எம்ஆர்பியை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு 70 சதவீதத் தள்ளுபடி காட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் பொருளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

கூரியர்காரர்கள் எடையையும் பார்ப்பார்கள், இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 33, 20, 12 செ.மீ. ஷூ பெட்டிக்கு 1.58 கிலோ வருகிறது. தராசில் 1.1 கிலோ காட்டினாலும் கட்டணம் 1.58-க்குத்தான். பெட்டி அளவை ஷீட்டில் வைக்கச் சொன்னது இதற்காக.

படி 8: ஸ்டாக் தீர்ந்தால்

பக்கத்தை அழிக்காதீர்கள். திரும்ப வரும் சரக்கு என்றால் பக்கம் அப்படியே இருக்கட்டும். "இருப்பு இல்லை" என்று காட்டி, வந்ததும் தெரிவிக்க எண் வாங்கும் பெட்டியும் அதே போன்ற இரண்டு பொருளின் இணைப்பும் வையுங்கள். தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்துக்குள் வைக்கும் ஸ்கீமா தகவலிலும் இருப்பு மாறியிருக்கிறதா பாருங்கள். தேடலில் "கிடைக்கும்" என்று காட்டி உள்ளே இல்லை என்றால் மெர்ச்சன்ட் சென்டர் அந்தப் பொருளை நிறுத்திவிடும்.

இனி வரவே வராது என்றால் 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புது முகவரிக்கு அனுப்புவது) போட்டு மிக நெருங்கிய பொருளுக்கோ அந்த வகைப் பக்கத்துக்கோ அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது யாருக்கும் உதவாது. ஒற்றைப் புடவைகளைப் பொறுத்தவரை, விற்றதும் "விற்றுவிட்டது" என்று போட்டுச் சில காலம் வைத்திருக்கலாம். "அக்கா, இதே கலர்ல இன்னொண்ணு வருமா?" என்று ஆர்டர் கேட்க அது வழியாகிறது.

படி 9: மொத்தமாக மாற்றும்போது

நூறு பொருளின் விலையைக் கையால் மாற்ற முடியாது. பொருள் பட்டியலைச் சிஎஸ்வி (எக்செலிலும் ஷீட்டிலும் திறக்கும் எளிய அட்டவணை) கோப்பாக இறக்கி, திருத்தி, ஏற்ற வேண்டும். இறக்கியதும் அதன் நகல் ஒன்றைத் தேதி போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். திரும்பிப் போக அதுதான் வழி.

எக்செலில் நேராகத் திறந்தால் இரண்டு ஆபத்து. இந்தியாவில் பதிவான 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடு சுருங்கி 8.9E+12 போன்ற அடுக்குக் குறியாக மாறும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் சுழியாகிவிடும். தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறும். கூகுள் ஷீட்டில் இறக்குமதி செய்து, எழுத்தை எண்ணாக மாற்றும் தேர்வை அணைத்துவிட்டுத் திருத்துங்கள். தமிழ் எழுத்தைச் சிதறாமல் காக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையிலேயே சேமியுங்கள். ஏற்றுவதற்கு முன் மாற்றாத கலங்களை நீக்கிவிட்டு, எஸ்கேயுவும் மாற்றிய கலமும் மட்டும் வையுங்கள். தளம் கேட்கும் கட்டாயக் கலங்கள் இருந்தால் அவற்றையும் விடாதீர்கள். முதலில் ஐந்து பொருளை மட்டும் ஏற்றி, போனில் திறந்து பார்த்த பிறகே மீதி.

படி 10: கேள்வி, ரிட்டர்ன், ரிவ்யூ

வாட்ஸ்அப்பிலும் போனிலும் வரும் கேள்விகளை ஷீட்டின் இன்னொரு தாளில் எஸ்கேயுவோடு குறித்துவையுங்கள். ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்த அன்றே அதற்கான பதில் பக்கத்தில் ஏற வேண்டும். ரிட்டர்னுக்கும் அப்படியே: "அளவு சரியில்லை" என்றால் அளவு வரியைப் பாருங்கள், "நிறம் வேறு" என்றால் படத்தைப் பாருங்கள், "தரம் சரியில்லை" என்றால் பக்கத்தை விட்டுவிட்டுத் தைத்தவரிடம் போங்கள்.

ரிவ்யூவைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சொந்தக்காரர்களை விட்டு எழுதச் சொல்லவும் வேண்டாம். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் வெளியிட்டிருக்கிறது. குறை சொல்லும் ரிவ்யூவுக்கு மரியாதையாக, என்ன சரிசெய்தீர்கள் என்று பதில் எழுதுங்கள்; அடுத்து வருபவர் அதைத்தான் படிக்கிறார்.

மாதம் ஒருமுறை அதிகம் விற்கும் பக்கங்களைப் போனில் திறந்து, விலை, இருப்பு, படம், ரிட்டர்ன் விவரம் நான்கையும் ஷீட்டோடு ஒப்பிட்டுத் தேதி போடுங்கள். தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முந்தைய இரண்டு வாரத்தில் தீம் மாற்றுவது, வகைகளைக் கலைத்து அடுக்குவது, மொத்தமாக சிஎஸ்வி ஏற்றுவது எதுவும் வேண்டாம். அந்த நாட்களில் இருப்பு எண்ணையும் டெலிவரி தேதியையும் மட்டும் தொடுங்கள்.